கண்ணாடிக் கதவுக்கு இப்பால்

சென்ற மார்கழி மாதத்தில் ஒரு பின்னிரவு. திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தின் புறப்பாட்டு வாயிலுக்கு எதிரே, எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தாரோடு நின்றுகொண்டிருந்தேன். குடவாசலிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவை ஒரு வேனில் கடந்து வந்திருந்தோம். பயணம் போகிறவன் ஒருவன். வழியனுப்ப வந்தவர்கள் பதினொருவர். தாத்தா, பாட்டி, அத்தை, மாமன், மடியில் உறங்கிய குழந்தை, எல்லாரும் வந்திருந்தனர். சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போகும் அந்த இளைஞனின் பெட்டியை நடைபாதையிலேயே திறந்து, எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் ஊறுகாய்ச் சீசாவையும் முறுக்கு டப்பாவையும் வெளியே எடுத்து வைத்தார்கள். பிறகு தாயின் மனம் கேளாமல் முறுக்கு மட்டும் மீண்டும் உள்ளே போயிற்று.

வாயிற்காவலர் பண்பாகவே நடந்துகொண்டார். பயணச்சீட்டையும் கடவுச்சீட்டையும் பார்த்தார். இளைஞனை உள்ளே விட்டார். பின்னால் ஓரடி எடுத்து வைத்த தாயைக் கையமர்த்தினார். அந்தத் தாய் என்னைப் பார்த்து, "சாமி, நீங்க சொன்னா விடுவாங்களா? ஒரே ஒரு நிமிசம்" என்றார். நான் சொன்னாலும் விடமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும். ஆயினும் கேட்டார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நீலச் சட்டை ஒன்று வரிசையில் நகர்ந்து போவதைக் கடைசி வரை கண்ணால் தொடர்ந்தார். பின்பு அந்த நிறத்தில் வேறு பல சட்டைகள் வந்து கலந்துவிட்டன.

திரும்பும் வழியெல்லாம் ஒரு கேள்வி என்னை விட்டகலவில்லை. இந்தக் கதவு எப்போது, யாரால், எதற்காக இங்கே வந்தது? விமான நிலையம் என்றால் நாம் விமானத்தையே நினைக்கிறோம். ஆனால் பாதுகாப்புச் சோதனைக்கு இப்பால், எல்லாருக்கும் பொதுவாக விடப்பட்டிருக்கும் சிறு நிலப்பரப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. அது பெரும்பாலும் போகாதவர்களின் வரலாறு.

கடற்கரையே வாசலாக இருந்த காலம்

பிரிவு நம் காவிரிப் படுகைக்குப் புதிதன்று. விமானம் வருமுன் நமக்கு நாகப்பட்டினம் இருந்தது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா என்னும் நீராவிக் கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் நம் மக்களைச் சுமந்து சென்றது. இங்குள்ள முதியவர்கள் பலர் இன்றும் கப்பல் என்ற சொல்லுக்குப் பதிலாக ரஜூலா என்றே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது 1973இல் ஓய்வு பெற்ற பின் எம்.வி. சிதம்பரம் அந்தப் பணியை ஏற்றது. 1985 பிப்ரவரியில் அக்கப்பலில் ஏற்பட்ட தீ விபத்தோடு அந்தக் கடல்வழியும் முடிவுக்கு வந்தது. அருகிலுள்ள கூத்தாநல்லூர் போன்ற ஊர்களின் மலாயா வணிகத் தொடர்பெல்லாம் இக்கடல்வழி வளர்ந்ததே.

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்க இயலாது. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, படகுகளில் ஏறிப் போய்ச் சேர வேண்டும். அங்கும் வழியனுப்ப வந்தவர்கள் ஓர் எல்லையில் நின்றுவிடவே வேண்டியிருந்தது. ஆனால் அந்த எல்லையைப் போட்டது கடல். படகு சிறுத்துப் புள்ளியாகும் வரை பார்த்துக்கொண்டிருக்கலாம். காற்றில் துண்டை வீசலாம். அழுகைக்கு இடமும் நேரமும் இருந்தன.

திருத்தூதர் பணிகள் நூலை வாசிக்கிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. மிலேத்துத் துறைமுகத்தில் பவுல் எபேசுத் திருச்சபையின் மூப்பர்களிடம் விடைபெறுகிறார். இனித் தம் முகத்தை அவர்கள் காணப்போவதில்லை என்று அவர் சொன்னதே அவர்களை மிகவும் வருத்துகிறது. முழங்காலிட்டு வேண்டுகிறார்கள்; கட்டித் தழுவி அழுகிறார்கள்; கப்பல்வரை சென்று வழியனுப்புகிறார்கள். அடுத்த அதிகாரத்தில் தீர் நகரத்துச் சீடர்கள் மனைவி மக்களோடு நகருக்கு வெளியே கடற்கரை வரை வருகிறார்கள். குழந்தைகளும் உடன் வந்தார்கள் என்பதைப் புனித லூக்கா மறவாமல் குறித்து வைத்தார். ஒரு பயணத்தைப் பற்றி எழுதும்போது, போகிறவரோடு போகாதவர்களையும் எழுத வேண்டும் என்று அவர் அறிந்திருந்தார்.

வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்

விமான நிலையங்கள் தோன்றிய தொடக்கத்தில் அங்கே கதவே இல்லை என்று சொல்லிவிடலாம். பறப்பவர்கள் சிலர், பார்க்க வந்தவர்கள் பலர். 1928இல் இலண்டனுக்கு அருகே குரோய்டன் நிலையம் புதிய கட்டடத்தோடு திறக்கப்பட்டபோது, அதை ஒட்டிய விடுதியின் மொட்டை மாடியில் நின்று விமானம் எழுவதையும் இறங்குவதையும் மக்கள் வேடிக்கை பார்த்தார்கள். விமான நிலையத்திற்குப் போவதே ஒரு திருவிழாவுக்குப் போவது போன்றது.

நம் நாட்டில் 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் பைகளோடு ஒரு சிறு விமானத்தை ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதனைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்தார். 1938இல் அந்த அஞ்சல் வழி திருச்சிராப்பள்ளியைத் தொட்டுக் கொழும்பு வரை நீண்டது. அப்படியாக, நம் பகுதியின் வானவாசல் கடிதங்களுக்காகவே முதலில் திறந்தது. மனிதர்கள் பின்னர் வந்தார்கள். சில பத்தாண்டுகளில் அரபு நாடுகளின் எண்ணெய் வளம் நம் கூலியாட்களையும் கொத்தனார்களையும் அழைத்தது. காவிரி நீர் காலத்தில் வராத ஆண்டுகளில் குறுவையை இழந்த குடும்பங்களும் மகனின் கடவுச்சீட்டை நம்பத் தொடங்கின.

இருந்தும் அந்நாளைய விமான நிலையம் ஓர் இரயில் நிலையத்தைப் போன்றே இருந்தது. நடைமேடைச் சீட்டு வாங்குவது போல் ஒரு நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு கூடத்திற்குள் போகலாம். பெட்டி நிறுக்கும் இடம் வரை உடன் நிற்கலாம். பார்வையாளர் மாடத்திலிருந்து கையசைக்கலாம். அக்காலத் தமிழ்த் திரைப்படங்களில் மீனம்பாக்கத்துக் காட்சிகளைக் கண்டவர்களுக்கு இது நினைவிருக்கும். 1964 டிசம்பரில் நற்கருணை மாநாட்டிற்காகத் திருத்தந்தை ஆறாம் பவுல் பம்பாயில் வந்திறங்கியபோதும், 1986 பிப்ரவரி 5ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சென்னைக்கு வந்தபோதும், அவர்களை முதலில் வரவேற்ற இடம் விமான நிலையந்தான். முதன்முறை ஒரு நாட்டிற்குச் செல்லும்போது விமானத்தை விட்டிறங்கியதும் மண்ணை முத்தமிடுவது இரண்டாம் யோவான் பவுலின் வழக்கம். அந்த முத்தத்தால் விமானத் தளமும் ஒரு நாட்டின் வாசற்படி ஆயிற்று.

கதவை மூடிய இரத்தம்

இந்த வாசற்படியில் எப்படிக் காவல் வந்தது? விதிகளை வகுத்தவர்களின் கல்மனத்தால் வந்தது என்று சொல்லிவிடுவது எளிது, அது நியாயமன்று. ஒவ்வொரு விதிக்குப் பின்னும் இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

1972 மே 30ஆம் நாள். இஸ்ரயேல் நாட்டின் லோத் விமான நிலையத்தில், பெட்டிகள் வந்து சேரும் கூடத்தில் மூவர் தம் பெட்டிகளைத் திறந்து துப்பாக்கிகளை எடுத்துச் சுட்டனர். 26 பேர் மாண்டனர். அவர்களில் 17 பேர் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து புனித நாட்டைத் தரிசிக்க வந்த கிறிஸ்தவத் திருப்பயணிகள். எருசலேமைக் காண வந்தவர்கள், அந்நாட்டின் வாசலைத் தாண்டவில்லை. விமானக் கடத்தல்களும் பெருகியிருந்த காலம் அது. 1973 ஜனவரி முதல் அமெரிக்காவில் பயணிகள் அனைவரையும் சோதிப்பது கட்டாயமாயிற்று. எனினும் அங்கே உறவினர்களும் சோதனையைக் கடந்து விமானத்தின் வாயில் வரை போய் வழியனுப்ப முடிந்தது. அந்தச் சலுகை 2001 செப்டம்பர் 11ஆம் நாளோடு முடிந்தது.

நம் நாட்டிலும் கதை இதுவே. 1971இல் கங்கா என்ற விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டது. 1976 செப்டம்பரில் மற்றொன்று. இதன்பின் 1978இல் விமானப் பாதுகாப்புக்கென ஒரு பிரிவு ஏற்படுத்தப்பட்டது. ஆனால் தமிழகம் மறக்கவியலாத நாள் 1984 ஆகஸ்ட் 2. கொழும்புக்கு அனுப்பப்படவிருந்த பெட்டிகளை ஒப்படைத்தவர் விமானம் ஏறவில்லை. ஆளில்லாத அப்பெட்டிகள் மீனம்பாக்கம் நிலையத்திலேயே தங்கின. அன்றிரவு அவை வெடித்தன. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் இலங்கையைச் சேர்ந்தவர்கள். வானில் வெடிப்பதற்கென்று வைத்தது மண்ணில் வெடித்தது. விமானத்தில் ஏற இருந்தவர்களுக்கு வந்த சாவு, நிலையத்தில் காத்திருந்தவர்கள்மேல் விழுந்தது.

அடுத்த ஆண்டு, 1985 ஜூன் 23ஆம் நாள், கனிஷ்கா விமானம் அயர்லாந்துக் கடலோரத்திற்கு அப்பால் வெடித்துச் சிதறி 329 பேர் மாண்டனர். அங்கும் உரியவர் ஏறாத பெட்டியே எமனாயிற்று. அதே ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த இரண்டாம் நாள், உரோமையிலும் வியன்னாவிலும் பெட்டி ஒப்படைக்க வரிசையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். 1987 ஏப்ரலில் நம் விமானப் பாதுகாப்புப் பணியகம் தனித் துறையாக்கப்பட்டது. 1999 டிசம்பர் 24 மாலையில், நாம் குடில் சோடித்துக்கொண்டிருந்த வேளையில், காத்மாண்டுவிலிருந்து தில்லிக்கு வந்த விமானம் கடத்தப்பட்டுக் காந்தகாருக்குக் கொண்டு செல்லப்பட்டது. அதன்பின் 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி, மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் ஒவ்வொரு விமான நிலையமாகக் காவலை ஏற்றனர். கட்டடத்தின் முதற்கதவிலேயே சீட்டையும் அடையாளத்தையும் பார்த்து அனுப்பும் வழக்கம் உறுதிப்பட்டது. பார்வையாளர் நுழைவுச்சீட்டும், ஆகஸ்ட் 15, ஜனவரி 26 நெருங்கும்போதெல்லாம் நிறுத்தப்படலாயிற்று. 2020இல் பெருந்தொற்று வந்தபோது எஞ்சியிருந்த வாசல்களும் சாத்தப்பட்டன.

கோடு எங்கே போடப்பட்டாலும்

இங்கே ஓர் உண்மையைச் சிந்திக்க வேண்டும். 2011 ஜனவரியில் மாஸ்கோவின் தொமோதேதவோ நிலையத்தில் குண்டு வெடித்தது, வருகிறவர்களை எதிர்பார்த்து உறவினர் நிற்கும் கூடத்தில். 2016 மார்ச் 22ஆம் நாள் பிரசல்ஸ் நகரில் வெடித்தது, சோதனைக்கு முந்திய புறப்பாட்டுக் கூடத்தில். சோதனைக் கோட்டை உள்ளே போட்டால் கூடத்தில் கூட்டம் சேர்கிறது. கதவருகே போட்டால் நடைபாதையில் சேர்கிறது. சாலையில் போட்டால் சாலையில் சேரும். கோடு எங்கே இருந்தாலும், அதற்கு முன்னால் காத்து நிற்கும் மனிதர்கள் இருந்தே தீர்வர். ஆகவே அவர்களை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்குப் பாதுகாப்புக் கலை மட்டும் முழு விடை தரமுடியாது. எப்படி நிறுத்துவது என்ற கேள்வியோ நம் பண்பாட்டைச் சார்ந்தது.

எல்லா நாடுகளும் ஒரே விடை சொல்லவில்லை. சிங்கப்பூரின் சாங்கி நிலையத்தில் பயணச்சீட்டு இல்லாதவரும் புறப்பாட்டுக் கூடத்திற்குள் போகலாம். 2019இல் அங்கே திறக்கப்பட்ட ஜுவல் என்னும் வளாகம் சோதனைக்கு இப்பாலே அமைந்தது. நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து நீர் விழும் அருவியை ஊர்மக்கள் குடும்பத்தோடு வந்து பார்க்கிறார்கள். அன்றிரவு தாயை நடைபாதையில் விட்டுச் சென்ற எங்கள் பங்கு இளைஞன், நான்கு மணி நேரம் கழித்து இறங்கிய ஊர் அது. சில நாட்கள் கழித்து என்னிடம் தொலைபேசியில் பேசியபோது, "சாமி, இங்கே வழியனுப்ப வர்றவங்க உள்ளேயே உக்காந்து பேசிட்டிருக்காங்க" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

திருச்சிராப்பள்ளியில் 2024 ஜனவரி 2ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டு, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பயன்பாட்டிற்கு வந்த புதிய முனையம் ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளைக் கையாள வல்லது. திருவரங்கத்துக் கோபுர வண்ணங்களைச் சுவர்களில் கொண்ட அழகிய கட்டடம். அதைக் கண்டு மகிழ்கிறேன். ஆயினும் பயணிகளுக்குக் கணக்கு உண்டு. அவர்களோடு வருகிறவர்களுக்குக் கணக்கு இல்லை. நம் ஊர்ப் பயணி தனியே வருவதில்லை என்பதை நடைபாதையில் ஒரு மணி நேரம் நின்றால் எவரும் அறிவர். அவர்களில் பலர் விதை நெல்லை விற்றும் நகையை அடகு வைத்தும் அந்தப் பயணச்சீட்டை வாங்கியவர்கள். விமானம் எழும்பும்போது அவர்களுடைய எதிர்காலமும் அதில் ஏறிப் போகிறது.

2024 அக்டோபர் 11 மாலையில் இது தமிழகம் முழுவதற்கும் விளங்கியது. திருச்சிராப்பள்ளியிலிருந்து ஷார்ஜாவுக்கு 141 பயணிகளோடு எழும்பிய விமானத்தில் சக்கரங்களை இயக்கும் அமைப்பு பழுதுபட்டது. எரிபொருளைக் குறைப்பதற்காக அது இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக வானிலேயே வட்டமிட்டது. பின்பு பத்திரமாகத் தரையிறங்கியது. அந்த இரண்டு மணி நேரம், நம் வீடுகளில் எத்தனை பேர் செபமாலையைக் கையில் எடுத்தார்கள் என்பதை நான் அறிவேன். வழியனுப்பிவிட்டு வந்தவர்களின் பயணம் வீடு திரும்பியதும் முடிவதில்லை.

மற்றொரு வாசல்

விமான நிலையத்திற்கு இன்னொரு வாசலும் உண்டு. பலர் அதைப் பார்த்திருக்கமாட்டார்கள். வெளிநாட்டில் இறந்தவர்களின் உடல், பயணிகள் வரும் வழியாக வருவதில்லை. சரக்கு வரும் வழியாக வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன், எந்த ஊர் என்று சொல்லத் தேவையில்லை, அப்படிப்பட்ட ஒரு வாசலில் என் பங்கைச் சேர்ந்த ஒரு பெரியவருடன் விடியும் வரை நின்றேன். அவருடைய மகன் பாலைவன நாடொன்றில் மாரடைப்பால் இறந்திருந்தான். உட்கார இடமில்லை, மழைக்கு ஒதுங்கக் கூரையில்லை. தாள்களில் எத்தனையோ முத்திரைகள் வேண்டியிருந்தன. ஒவ்வொரு முத்திரைக்கும் பெரியவர் எழுந்து போய்க் கைகட்டி நின்றார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே நிலையத்தின் முன்வாசலில்தான் மகனை வழியனுப்பினாராம். "அப்ப உள்ள விடல சாமி. இப்பவும் வெளியிலதான் நிக்கிறேன்" என்றார். அவரிடம் கோபம் இல்லை. எனக்குத்தான் அன்று செபிக்கச் சொற்கள் வரவில்லை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகர விமான நிலையத்தில் 1951இல் வான்வழிகளின் அன்னைக்கு ஒரு சிற்றாலயம் எழுப்பப்பட்டது. முதலில் அங்கு உழைக்கும் பணியாளர்களுக்காகவே அது அமைந்தது. அதைப் பின்பற்றி உலகின் பல நிலையங்களில் செபக்கூடங்கள் தோன்றின. அதற்கும் முன்பே, 1920இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட், லொரேத்தோ அன்னையை விமானிகளின் பாதுகாவலியாக அறிவித்திருந்தார். வானில் பறக்கிறவர்களுக்குத் திருச்சபை ஒரு பாதுகாவலியைத் தந்துவிட்டது. நடைபாதையில் நிற்கிறவர்களுக்கு யார்? அதற்கு நாம்தான் பொறுப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பொறுப்பு பெரிய காரியமன்று. வெளிநாடு செல்லும் பிள்ளைகளுக்கென்று ஊரிலேயே ஒரு செபம் நடத்தி, விடைபெறுதலை அவசரமின்றி ஆலயத்தில் முடிக்கலாம். கண்ணாடிக் கதவருகே மிச்சமாவது ஒரு கையசைப்பு மட்டுமே ஆகும். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வோர் சட்டம் தரும் பாதுகாப்பை அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம். ஒப்பந்தத்தின் ஒரு படியும் முதலாளியின் முகவரியும் வீட்டில் இருக்கின்றனவா என்று அன்பியக் கூட்டத்தில் கேட்கலாம். உடல் வந்து சேரும் இரவில் தந்தையைத் தனியே அனுப்பாமல் நால்வர் உடன் போகலாம். நிலையங்களை ஆள்கிறவர்களிடம் நாம் கேட்பதும் பெரிதன்று. கதவைத் திறந்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. அது மூடப்பட்ட காரணத்தை நாம் அறிவோம். கதவுக்கு இப்பால் நிற்கிறவர்களுக்கு நிழலும், இருக்கையும், குடிநீரும் எங்கும் தாராளமாகக் கிடைக்க வேண்டும். இருவாசல்களிலும் கிடைக்க வேண்டும்.

எங்கள் ஊரின் பழம்பெயர் குடவாயில். குட என்றால் மேற்கு. மேற்கு வாயில் என்று பொருள் கொள்வோர் உண்டு. சோழன் செங்கணானிடம் தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறை, இந்தக் குடவாயிலில்தான் சிறை வைக்கப்பட்டான் என்று புறநானூற்றின் பழங்குறிப்பு கூறுகிறது. தாகத்திற்குத் தண்ணீர் கேட்டான், கேட்டபோது வரவில்லை. காலம் தாழ்ந்து, மதிப்பின்றி வந்த நீரை அவன் பருகவில்லை, உயிரை விட்டான். வாயில் என்ற சொல்லைத் தன் பெயரில் சுமக்கும் ஊர் இவ்வளவு காலமாக இந்த நினைவையும் சுமந்து வருகிறது. காவலைப் பற்றி அக்கதையில் குறை ஏதும் இல்லை. சிறைக்குக் காவல் வேண்டும். குறை, அந்த நீர் வந்த விதத்தில் இருந்தது.

அன்றிரவு வேனில் ஏறுமுன், அந்தத் தாய் சற்றுப் பொறுக்கச் சொன்னார். விமானம் எழும்பும் ஓசை கேட்கும்வரை அவர் நகரவில்லை. ஓசை தேய்ந்து அடங்கியதும் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு, பெட்டியிலிருந்து எடுத்து வைத்த ஊறுகாய்ச் சீசாவை மடியில் வைத்தபடி அமர்ந்தார். தஞ்சாவூர் தாண்டும் வரை யாரும் பேசவில்லை.